ஜங்கி லாட்டுக்குக் கொளுத்திய சூடம்

தை பிறந்த கையோடு, அரியலூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. இந்தியப் பட்டாளத்தின் ஆகப் பெரிய பதவியில் முதன்முறையாக ஓர் இந்தியர் உட்கார்ந்துவிட்டார். செய்தி வாசித்தவர் அந்தப் பதவிக்குத் தமிழில் ஒரு பெயரும் சொன்னார். சரியாக அந்த இடத்தில் ரேடியோ கரகரத்துவிட்டது.

"சேனாதிபதின்னான்."

"தளபதின்னான்யா. என் காதுல நல்லா விழுந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"எப்படிங்க ஒண்ணாவும்? சேனாதிபதி கூத்துல வர்றவன். ராசா பேசி முடிக்கிற வரைக்கும் கத்தியப் புடிச்சுக்கிட்டு நிப்பான், பொறவு செத்துப் போவான்."

கடைக்காரர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "எதுக்குச் சண்டை? ரிட்டயர் ஆனவரு ஒருத்தரு உக்காந்திருக்காரே, கேளுங்களேன்" என்றார்.

அந்த ரிட்டயர் ஆனவர் நான்தான். வயது இருபத்தாறு. யுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக இந்த ஊரில் திறந்த பட்டாளத்து ஆபீசில் துபாஷியாக இருந்தவன். வெள்ளைக்காரர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழிலும், நம் ஆட்கள் தமிழில் சொன்னதை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ஆபீசை மூடினார்கள், நன்றி சொல்லி என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் இல்லாத பென்ஷன்காரன் என்று ஊரில் பெயர் வாங்கியாயிற்று. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கும் இளவட்டங்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"சவரி அண்ணே, அந்தப் பதவிக்கு நாற்காலிய மொதல்ல எங்க போட்டாங்க? டில்லியிலயா, லண்டன்லயா?"

பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். ஒரு காப்பி நேரத்துக்குள் அடங்குகிற கதையா அது? அந்த நாற்காலியின் சரித்திரத்தைத் தமிழில் ஒரு புத்தகமாக ஏன் எழுதக்கூடாது? கண்ணாடி டம்ளரின் அடியில் மிச்சமிருந்த நுரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நுரைக்குள் குதிரைகளும் கொடிகளும் கப்பல்களும் போய்க்கொண்டிருந்தன. "அண்ணன் போயிட்டாருடா" என்று எவனோ சிரித்தான். போய்த்தான் விட்டேன்.

அந்தப் புத்தகத்துக்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்த நாற்காலி எனக்கு எப்படி அறிமுகமானது என்பதைச் சொல்ல முடியாது.

சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். திருச்சியில் இண்டர்மீடியட் படித்தேன். மேலே படிக்கப் பொறுமையில்லை, வயல் வேலைக்கு உடம்பு வளையவில்லை. துபாஷி வேண்டும் என்று விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். பட்டாளத்துப் பதவிப் பெயர்களை இங்கிலீஷிலும் உருதுவிலும் மனப்பாடம் செய்வதுதான் பயிற்சி. வரிசை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான்.

ஆபீசுக்குப் பெரியவர் சுபேதார் அப்துல் ஜப்பார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சின்ன வயசிலேயே வடக்கே போய்ப் பஞ்சாபிகளோடு பட்டாளத்தில் இருந்துவிட்டு, தலை நரைத்த பிறகு சொந்த ஜில்லாவுக்கு வந்திருந்தார். மேஜையில் ஒரு பென்சில் கோணலாகக் கிடந்தால் அதை நேராக்கிவிட்டுத்தான் பேசுவார். எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொன்னதில்லை. "மேல கேக்கணும்" என்பார். உத்தரவை ஹுகும் என்பார். அவருக்கு ஒரே ஒரு சித்தாந்தம்தான்: "ஹுகும் எறங்கி வரும், பிராது ஏறிப் போகும். நடுவுல யாரும் குதிக்கக் கூடாது, தம்பி."

ஆள் எடுக்கிற நாளில் அந்த ஆபீஸ் வாசல் சந்தை மாதிரி இருக்கும். வேப்பந்தட்டைப் பக்கம், ஜெயங்கொண்டம் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். முதலில் உயரம். அப்புறம் மார்பு. டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "மூச்ச இழுத்து வை... இப்ப விடு" என்பேன். இழுத்த மூச்சை விட மறந்து முகம் சிவந்து நின்றவர்கள் உண்டு. பிறகு டாக்டர். கடைசியில் பிரமாணம். 'எனக்கு மேலே வைக்கப்படும் எந்த அதிகாரியின் கட்டளைக்கும் கீழ்ப்படிவேன்' என்று அதில் வரும். அந்த வாக்கியத்தில் கட்டாயம் யாராவது ஒருத்தர் இடறுவார்: "எனக்கு மேல யாரு யாருங்க?"

சுபேதார் அதற்காகவே காத்திருப்பது போல எழுந்து நிற்பார். கீழேயிருந்து தொடங்குவார். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார். இந்த இடத்தில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். காப்டன், மேஜர், கர்னல், ஜெனரல். சட்டைக் காலரின் கொக்கியை மாட்டிக்கொள்வார். சித்திரை வெயிலாக இருந்தாலும் மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் வாயிலிருந்து வரும்.

"ஜங்கி லாட் சாஹிப்."

இங்கிலீஷில் கமாண்டர்-இன்-சீப் என்பதற்கு வடக்கத்திச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. ஜங் என்றால் யுத்தம், லாட் என்றால் லார்டு, பிரபு. ராஜப் பிரதிநிதிக்கு முல்கி லாட், தேசத்துப் பிரபு. "தேசம் அவருக்கு, ஒன் உசிரு இவருக்கு" என்று சுபேதார் முடிப்பார்.

அப்படி ஒருநாள் பிரமாணம் எடுத்தவர் மாரிமுத்து. வேப்பந்தட்டைப் பக்கத்து ஆள். லாரி ஓட்டத் தெரியும் என்பதால் உடனே எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் அவர் ஒருத்தர்தான் பெண்சாதியையும் கூட்டிவந்திருந்தார். செல்லம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசியா சொன்னாரே, அவரு பேரென்ன தம்பி?" என்று என்னைக் கேட்டாள்.

"ஜங்கி லாட்."

"சங்கிலி லாடா?"

"ஜங்கி."

"அதான் சங்கிலி. எங்கூரு ஏரிக்கரையில சங்கிலிக் கருப்பு இருக்காரு. அவரு தம்பியா இருக்கும்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சங்கிலி வைத்திருக்கிற ஒருவரிடம் புருஷனை ஒப்படைக்கிறோம் என்பது அவளுக்கு நன்றாகப் பட்டுவிட்டது. "பத்திரமாத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அந்தப் பெயர் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. யார் அந்த லாட்? எப்போது முளைத்தார்? சுபேதாரைக் கேட்டால், "பாதுஷா காலத்துலேருந்து இருக்காரு" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. ஏலாக்குறிச்சி மாதா கோயில் சாமியாரிடம் பழைய இங்கிலீஷ் சரித்திரப் புத்தகங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சைக்கிளில் போய் அவற்றை வாங்கிப் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது.

அந்த நாற்காலியை முதலில் போட்டது டில்லியிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. நம் கடலூரில்! இருநூறு வருஷத்துக்கு முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக ஒரு மேஜர் கப்பலில் வந்து கடலூர்க் கோட்டையில் இறங்கினார். ஜங்கி லாட் வம்சத்தில் முதல் ஆள் அவர்தான். நடுவில் அவர் சீமைக்குப் போயிருந்தபோது, கம்பெனிப் பட்டாளம் நம் ரஞ்சன்குடிக் கோட்டையடியில் சண்டைக்கு நின்று, பயந்து ஓடியும் இருக்கிறது. பிறகு நாற்காலி ஒன்று மூன்றாயிற்று. வங்காளத்துக்கு ஒருத்தர், பம்பாய்க்கு ஒருத்தர், நம் சென்னைக்கென்று தனியாக ஒருத்தர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால்தான் மூன்று பட்டாளத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே தலையின் கீழ் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஜங்கி லாட்டுக்கும் முல்கி லாட்டுக்கும் யார் பெரியவர் என்று ஒரு சண்டை. அதில் முல்கி லாட்தான் ராஜினாமா எழுதிவிட்டுக் கப்பல் ஏறினார்.

இதைச் சுபேதாரிடம் சொன்னேன். பென்சிலை நேராக்கினார். "கடலூரா? அங்க கருவாடுதான் நல்லாருக்கும்" என்றார்.

நான் ரஞ்சன்குடிக்குப் போய்க் கோட்டை மதில்மேல் உட்கார்ந்திருப்பேன். கீழே சோளக்கொல்லை காற்றில் சாயும், நிமிரும். ஓடிப்போன சிப்பாய்களின் சிவப்புச் சட்டை அந்தப் பச்சைக்குள் எங்கோ இன்னும் ஒளிந்திருப்பது போலிருக்கும். ஓர் ஆள் ஊரில் இல்லை என்றதும் ஒரு பட்டாளமே ஓடுகிறதென்றால், அந்த ஆள் உட்கார்ந்திருந்த மரத்துண்டுக்குள் என்னதான் இருந்தது? மேகத்தைப் பார்த்தாலும் நாற்காலி மாதிரியே தெரிந்த காலம் அது. ஆட்டுக்காரர் ஒருத்தர், "தம்பி, எறங்கி வாங்க, மழை வருது" என்று கூப்பிட்டு இறக்கிவிட்டிருக்கிறார்.

யுத்தம் முடிந்தது. மறுவருஷம் மாரிமுத்து லீவில் ஊருக்கு வந்தார். செல்லம்மாளுக்குப் பேறுகாலம். பையன் பிறந்தான், தாய்க்கு ஜன்னி கண்டது. அவள் எழுந்து நடமாடட்டும் என்று தங்கினார், அதற்குள் சோளம் முற்றிவிட்டது, அறுத்துவிட்டுப் போகலாம் என்று இன்னும் தங்கினார். லீவு எப்போதோ முடிந்துவிட்டது. பிடித்துக்கொண்டு போனார்கள். ராவல்பிண்டியில் அவருடைய பட்டாளத்து லாரிப் பிரிவு இருந்தது. அங்கே விசாரித்து ஒரு வருஷம் பட்டாளத்து ஜெயிலில் போட்டார்கள்.

செல்லம்மாள் கைக்குழந்தையோடு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். சுபேதார் முறைப்படி பிராது எழுதி மேலே அனுப்பினார். அது படியேறப் போயிற்று. எந்தப் படியில் உட்கார்ந்ததோ, சத்தமே இல்லை. அதற்குள் ஆகஸ்டு வந்துவிட்டது. சுதந்திரம். அரியலூரில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மறுவாரம் செல்லம்மாள் வந்து நின்றாள்.

"அந்த ஊரு இப்ப வேற நாடாமே? இவரு எந்த நாட்டு ஜெயில்ல இருக்காரு? யாரு தொறந்து விடுவாங்க?"

சுபேதார் பிராதுப் பதிவேட்டைப் புரட்டினார். அவள் அவரையே பார்த்தாள். "சாயபு, அங்க ஒங்க ஆளுங்கதான இருக்காங்க. ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"எங்க ஆளுங்க லெப்பைக்குடிக்காட்டுல இருக்காங்க, தாயி" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு முழுவதும் பென்சில் கோணலாகவே கிடந்தது.

அப்போதுதான் எங்கள் ஆபீசை மூடுவதற்காக ஒரு கர்னல் வரப்போவதாகத் தந்தி வந்தது. பெரிய அதிகாரிகள் மட்டும் போடுகிற சிவப்புப் பட்டையைக் காலரில் போட்ட வெள்ளைக்காரர். சிவப்புப் பட்டை என்ற சேதி பஸ்ஸில் ஏறி வேப்பந்தட்டை போய்ச் சேருவதற்குள் ஜங்கி லாட்டே வருகிறார் என்றாகிவிட்டது.

கர்னலின் ஜீப் வாசலில் வந்து நின்றது. அவர் ஒரு காலைக் கீழே வைத்தார். எங்கிருந்தோ செல்லம்மாள் குழந்தையோடு ஓடிவந்தாள். ஜீப்புக்கு முன்னால் ஒரு வெற்றிலையை வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் உருட்டினாள். தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"சங்கிலி லாட்டு சாமி! போட்டவரும் நீங்க, கழட்டுறவரும் நீங்க! எம் புருசன விட்டுருங்க சாமி!"

கர்னல் இன்னொரு காலைக் கீழே வைக்கவில்லை. அப்படியே பாதி நின்றபடி என்னைப் பார்த்தார். "பெட்ரோல் வண்டிக்கு முன்னால் எதற்கு நெருப்பு?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

சூடத்தைத் துபாஷி எப்படி மொழிபெயர்ப்பான்? யோசிக்க நேரமில்லை. "இந்த அம்மாள் உங்களைக் கமாண்டர்-இன்-சீப் என்று நினைத்திருக்கிறாள், சார். கமாண்டர்-இன்-சீப்பைத் தெய்வம் என்றும் நினைத்திருக்கிறாள்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இரண்டு தப்பு" என்றார். "இரண்டாவது தப்பு சின்னது, முதல் தப்புதான் பெரியது. அந்தப் பதவியே இப்போது கிடையாது. ஆகஸ்டு பதினைந்தோடு போய்விட்டது."

இரண்டு வருஷமாக நான் கனவு கண்டுகொண்டிருந்த நாற்காலி! பத்திரிகையில் படித்திருந்தேன்தான். ஆனால் ஒரு கர்னல் வாயால், எரிகிற சூடத்துக்கு முன்னால் கேட்பது வேறு. பக்கத்தில் சுபேதார் விறைப்பாக நின்றிருந்தார். அவர் கை காலர் கொக்கிவரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று மறந்தது போல அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சொல்றாரு தம்பி?" என்றாள் செல்லம்மாள்.

"அந்த லாட்டு இப்ப இல்லையாம்."

"செத்துட்டாரா?"

"பதவியே இல்லையாம்."

அவள் எழுந்து மண்ணைத் தட்டினாள். "அப்ப எம் புருசன் யாரு சங்கிலியில இருக்காரு?"

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். என் உத்தியோக காலத்திலேயே நான் செய்த நல்ல மொழிபெயர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். கர்னல் ஜீப்பின் ஓரத்திலேயே உட்கார்ந்து விரல்விட்டு விளக்கினார். இந்தியப் பட்டாளத்துக்கு ஒரு தலைவர். பாகிஸ்தான் பட்டாளத்துக்கு ஒரு தலைவர். இருவருக்கும் மேலே டில்லியில் இன்னொருவர், சுப்ரீம் கமாண்டர் என்று. அவருக்குப் பட்டம்தான் பெரிசு, சண்டை போடச் சொல்லிக் கட்டளையிட அதிகாரமில்லை. இரண்டு பட்டாளத்தையும் பிரித்து அவரவர் பக்கம் அனுப்பிவைப்பது மட்டும் அவர் பொறுப்பு.

"அப்படியானால் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஆள், சார்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். துபாஷி சொந்தமாகக் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

அவர் மூன்றாவது விரலைத் தட்டிக் காட்டினார். "அந்த மூன்றாவது ஆபீசைத்தான் கேட்க வேண்டும். சீக்கிரம் கேட்க வேண்டும். அதையும் மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது."

அப்போது சுபேதார் ஓர் அடி முன்னால் வந்தார். "சாஹிப், இந்தப் பிராது படியேறாது. ஏற வேண்டிய படியே கலைந்து கிடக்கிறது. நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னார். யாரும் குதிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி என் காதை ஓட்டையாக்கிய மனிதர்!

உள்ளே போய் டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். சுபேதார் சொல்லச் சொல்ல அடிப்பது வழக்கம். மேல் வரிக்கு வந்ததும் அவர் வாய் நின்றுவிட்டது. யாருக்கு என்று போடுவது? அவர் மனப்பாடத்தில் இல்லாத பட்டம். சுப்ரீம் கமாண்டர் என்று நானே அடித்தேன்.

செல்லம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். "யாரு பேருக்குப் போடுறீங்க?"

"புதுசா ஒருத்தரு."

"அவருகிட்ட சாவி இருக்கா?"

"இருக்குன்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா? தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க தம்பி. அவரு வரலைன்னா நான் எந்தக் கோயிலுக்குன்னு போவேன்?"

கர்னல் பிராதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஆபீசை மூடினார்கள். சுபேதார் லெப்பைக்குடிக்காட்டுக்கும் நான் இந்தக் காப்பிக் கடைக்கும் வந்து சேர்ந்தோம். டில்லியில் அந்த மூன்றாவது ஆபீசையும் மூடிவிட்டார்கள் என்று கார்த்திகையில் பத்திரிகையில் பார்த்தேன். அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை. ரயில் வரும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில், பனி விலகாத ஒரு காலையில், பாசஞ்சர் ரயிலிலிருந்து மாரிமுத்து இறங்கினார். கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கப்பல், அங்கிருந்து ரயில். கையில் ஒரு மூட்டை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

"யாரு ஹுகும்? எந்த ஆபீசு? கடுதாசியில என்ன பட்டம் போட்டிருந்துச்சு?" என்று அடுக்கினேன்.

"கடுதாசியா? வரிசையில நிக்கிறப்ப எம் பேரக் கூப்புட்டான். மூட்டையக் கட்டுன்னான், கட்டுனேன்."

"யாரு சொன்னாங்கன்னு கேக்கலையா?"

"நல்லாக் கேட்டீங்க! கேட்டு, 'அட, ஆமால்ல, யாரு சொன்னா?'ன்னு அவனும் யோசிச்சு, மறுபடி உள்ள தள்ளிட்டான்னா?"

ஆக, மாரிமுத்துவை விட்டது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. பிராது போய்ச் சேர்ந்ததா, ஒரு வருஷமே முடிந்துவிட்டதா, பிரிக்கிற அவசரத்தில் ஜெயிலைக் காலி செய்தார்களா? சுபேதார், கர்னல்தான் என்கிறார். செல்லம்மாள், கர்னலுமில்லை, லாட்டுமில்லை, கருப்பு என்கிறாள். சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தாயிற்று.

ஒரு வருஷம் கழித்து, இப்போது இந்தியப் பட்டாளத்துத் தலைவர் பதவியில் நம் ஆள் உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷ் புத்தகங்களில் இருப்பதெல்லாம் யார் உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்ற வரிசைதான். அதைத் தமிழில் திருப்பி எழுத ஒரு வாரம் போதும். ஆனால் புருஷன் யாருடைய சங்கிலியில் இருக்கிறார் என்று செல்லம்மாள் கேட்டதற்கு அதில் ஒரு வரி பதில் கிடையாது. அதனால் என் புத்தகத்தை அந்தப் பதவியிலிருந்து தொடங்கப்போவதில்லை. இந்தத் தாலுகாக்களில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து, உங்களை அனுப்பியது யார், நிறுத்தியது யார், விட்டது யார் என்று கேட்டு எழுதப்போகிறேன்.

மாரிமுத்து இப்போது பெரம்பலூர் கரி பஸ் ஓட்டுகிறார், பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி போட்டு ஓட்டுகிற பஸ். நேற்றுப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார், செல்லம்மாள் சிரிக்கவில்லை.

"கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆனா அவரு ஓட்டுறப்ப பேச்சுக் குடுக்காதீங்க. கரி போட நிறுத்துவாரு, அப்பக் கேளுங்க."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் முன் ஸீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டி நின்றதும் கேட்கப்போகிற முதல் கேள்வியும் தயார்: வரிசையில் உங்கள் பெயரைக் கூப்பிட்டாரே அந்த மனுஷர், அவர் பெயர் என்ன?